ஒரு கையால், படுத்தபடியே எடுக்க வேண்டிய பை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. அடுத்த புதன்கிழமை குடலில் ஒரு சின்னப் பகுதியை எடுக்கும் ஆபரேஷன். ஐந்தாறு நாள் தங்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பல்செட், கண்ணாடி, இரண்டு காதுக்கும் மெஷின் என்று எல்லாமே இருக்கிறது. இதுவரை ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. நான் தேடித்தேடி 46 பொருள்கள் கொண்ட ஒரு பட்டியல் போட்டு, பெரிய சூட்கேஸையும் இறக்கி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நான் என்ன வீடு மாத்திக்கிட்டா போறேன்? ரெண்டு சட்டை, ஒரு துண்டு போதும்" என்கிறார். இதற்கே வீட்டில் இரண்டு நாளாகச் சண்டை. யார் சொல்வது சரி? என்னதான் எடுத்து வைப்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் முழுசாகச் சரியில்லை, ஆனாலும் உங்கள் அப்பா கொஞ்சம் கிட்டே வந்துவிட்டார். சர்ஜரி வார்டில் 22 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். வெளிநாடு போகிற மாதிரி சூட்கேஸை உருட்டிக்கொண்டு அட்மிஷனுக்கு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு பேருக்கும் ஒரே பிரச்சினைதான்: வேண்டியது கைக்கு எட்டாது.

முதலில் அந்த சூட்கேஸை இருந்த இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரி முழங்கால் உயரம்தான் இருக்கும், அதில் ஒரு இழுப்பறை, கீழே ஒரு தட்டு, அவ்வளவுதான். சூட்கேஸ் கடைசியில் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வந்து நிற்கும். அங்கேதான் ட்ரிப்ஸ் ஸ்டாண்டின் சக்கரம் உருள வேண்டும், அங்கேதான் உங்கள் அப்பா முதல்முறை காலை ஊன்றி எழுந்திருக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு அரை இருட்டில் பிரஷர் பார்க்க நாங்கள் வந்து நிற்க வேண்டிய இடமும் அதுதான். போதாததற்கு நோயாளி ஒரே இடத்தில் இருப்பதில்லை. வார்டிலிருந்து தியேட்டர், அங்கிருந்து கண்காணிப்பு அறை, சில சமயம் ஒரு நாள் ஐசியூ, மறுபடி வார்டு, அதுவும் பழைய படுக்கையே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மாற்றத்திலும் சாமான் ஒன்று காணாமல் போகும், பை பெரிதாக இருந்தால் காணாமல் போனதே மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்து பாருங்கள். கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிற கையில் ட்ரிப்ஸ் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு அதை அசைக்காமல் உடம்போடு ஒட்டி வையுங்கள். வயிற்றில் தையல் இருக்கிறது, அதனால் எழுந்து உட்கார முடியாது, பக்கவாட்டில் திரும்பினாலும் சுரீர் என்கும். சரி, இப்போது மிச்சமிருக்கிற ஒரு கையால் பக்கத்து மேஜையிலிருக்கும் கண்ணாடிக் கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுங்கள். ஃபோன் அடிக்கிறது, எடுங்கள். பத்து நிமிஷம் படுத்துப் பார்த்தால் போதும், உங்கள் 46 பொருளில் முப்பது தானாகவே உதிர்ந்துவிடும், பட்டியலில் இல்லாத நாலைந்து புதிதாக வந்து சேரும். திருகு மூடி பாட்டிலுக்குப் பதில் உறிஞ்சு குழாய் வைத்த பாட்டில். இறுக்கமான கண்ணாடிக் கூட்டுக்குப் பதில் வாய் திறந்த ஒரு சின்னத் துணிப்பை, அதைக் கட்டில் கம்பியில் கட்டித் தொங்கவிடலாம், கண்ணாடி, ஃபோன், கைக்குட்டை மூன்றும் அதிலேயே கிடக்கும். பையை யாருக்காகக் கட்டுகிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிற இன்றைய அப்பாவுக்காகக் கட்டுகிறோம். அதைப் பிரித்து எடுக்கப் போவதோ வியாழக்கிழமை படுத்துக் கிடக்கும் அப்பா.

அவருக்கு முதலில் வைக்க வேண்டியது துணியோ சோப்போ இல்லை. கண், காது, பல், இந்த மூன்றும்தான். இதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன், ஏனென்றால் 46 பொருள் பட்டியல்களில் இது பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும்.

வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று நாளைக்குள் ஒரு குழப்பம் வருவதுண்டு, டெலிரியம் என்போம். பகல் முழுக்க நன்றாகப் பேசியவர் ராத்திரியில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தவிப்பார், ட்ரிப்ஸைப் பிடுங்குவார், வீட்டுக்குப் போகணும் என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று வீட்டில் இருப்பவர்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது சில நாளில் தெளிந்துவிடும், ஆனால் விழுந்து அடிபடுவது, நாள் கணக்காகப் படுக்கை நீள்வது எல்லாம் அதனால் வரும். இது வருவதற்குக் காரணம் பல: மயக்க மருந்து, வலி, தொற்று, தூக்கமின்மை, உடம்பில் நீர் குறைவது. இவற்றோடு, கண் சரியாகத் தெரியாததும் காது சரியாகக் கேட்காததும்கூடக் காரணம், இவை இரண்டும் நம் கையில் இருக்கின்றன. ஷாரன் இனூயே என்ற டாக்டரின் குழு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளைக் கவனித்து 1999-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. கண்ணாடியும் காது மெஷினும் போட வைப்பது, இன்று என்ன தேதி, எங்கே இருக்கிறோம் என்று அடிக்கடி சொல்வது, நடக்க வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, ராத்திரி தூங்க விடுவது என்று மருந்தே இல்லாத வேலைகளைச் சேர்த்துச் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த குழப்பம் இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

எனக்கு இது புரிய ஆய்வு தேவைப்படவில்லை, ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. வேலைக்கு வந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார், திருடன் திருடன் என்று கத்தினார். முகக்கவசம் போட்ட ஒரு உருவம் இருட்டில் வந்து, காதில் விழாத எதையோ முணுமுணுத்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தால் நானும் கத்தத்தான் செய்வேன். தொலைந்துவிடப் போகிறதே என்று அவருடைய கண்ணாடியையும் மெஷினையும் மகன் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். மறுநாள் காலை அவற்றைக் கொண்டுவந்து மாட்டினோம். முழுசாகத் தெளிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று என்பது உண்மை, ஆனால் அன்று மத்தியானமே நான் யார் என்று அவருக்குத் தெரிந்தது, ஓங்கிய அதே கையை ஊசி போட நீட்டினார்.

அதனால் தொலைந்துவிடும் என்று வீட்டில் விட்டுவராதீர்கள், தொலையாத மாதிரி கொண்டு வாருங்கள். பல்செட் தொலைகிற விதம் எங்கே போனாலும் ஒன்றுதான்: சாப்பிட்டு முடித்ததும் வாய் உறுத்துகிறது என்று கழற்றி, கையில் கிடைத்த காகித நாப்கினில் சுற்றித் தட்டின் ஓரத்தில் வைப்பார், தட்டு எடுக்க வருபவர் நாப்கினோடு சேர்த்துக் கொண்டுபோவார். கண்ணாடியும் காது மெஷினும் படுக்கை விரிப்பு மாற்றும்போது அதோடு சுருண்டு சலவைக்குப் போய்விடும். இறுக்கமாக மூடும் டப்பா ஒன்று வாங்கி, மூடியில் இல்லாமல் டப்பாவின் உடம்பில், அழியாத மார்க்கரால் அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், மூடிகள் மாறிப் போகும். பல்செட்டைத் தண்ணீரில்தான் போட்டு வைக்க வேண்டும், காய்ந்தால் வடிவம் மாறிப் பொருந்தாமல் போகலாம். காது மெஷின் பேட்டரியை முன்கூட்டியே பிரித்து வைக்காதீர்கள். அந்தச் சின்ன வட்டப் பேட்டரிகள் காற்று பட்டதும் வேலை செய்ய ஆரம்பிக்கிறவை, மேலே ஒட்டியிருக்கிற கலர் ஸ்டிக்கரை உரித்துவிட்டால் மெஷினில் போடாமலே தீர்ந்துகொண்டிருக்கும். ஸ்டிக்கரின் கலரே அளவைச் சொல்லிவிடும்: மஞ்சள் என்றால் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. அப்பாவுடையது எது என்று பார்த்து ஒரு புது அட்டை வாங்கி வையுங்கள். சார்ஜ் செய்யும் வகை என்றால் அதன் சார்ஜர்.

தியேட்டருக்குப் போகும்போது இவை மூன்றையும் கழற்றச் சொல்வார்கள். எப்போது கழற்றுவது என்று வார்டில் கேளுங்கள். மயக்க மருந்து டாக்டர் பேசுகிற வரைக்கும் காது மெஷினை விட்டு வைக்கலாமா என்று நீங்களே கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், அவர் கேட்கிற கேள்விக்கு அப்பா பதில் சொல்ல வேண்டுமே. கழற்றியதை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு, மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் முதல் வேலையாகத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது மருந்து. இதை ஒரு தாளில் எழுத வேண்டும், நினைவில் வைத்துச் சொல்லக் கூடாது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் எங்களுக்கு வருகிற பதில், "சின்னதா, வெள்ளையா இருக்கும் சிஸ்டர், காலைல ஒண்ணு." உலகத்தில் பாதி மாத்திரை சின்னதாக, வெள்ளையாகத்தான் இருக்கிறது. பெயர், எத்தனை மி.கி., எந்த வேளை, கடைசியாக எப்போது போட்டார் என்று நாலு கட்டம் போட்டு எழுதுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை மட்டும் எழுதினால் போதாது, அது என்ன செய்தது என்றும் எழுதுங்கள், ஏனென்றால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கியதும் லேசாக வாந்தி வந்ததும் எங்களுக்கு ஒன்றில்லை. அந்தத் தாளை இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று எங்களுக்கு, ஒன்று உங்களுக்கு. மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டு வாருங்கள், டப்பியில் கொட்டிக் கலக்காமல்.

ஒரு எச்சரிக்கை. பையில் மாத்திரை இருக்கிறதே என்று வார்டில் நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வேளை தவறக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் ஒரு பெண் தன் அம்மாவுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டார், அரைமணி கழித்து டியூட்டி நர்ஸ் சார்ட்டில் இருந்த அதே மாத்திரையைக் கொடுத்தார். சாயங்காலம் அந்த அம்மா வியர்த்து விறுவிறுத்துப் போனார், சர்க்கரை இறங்கிவிட்டது. கொண்டுவந்த மருந்தை எங்களிடம் காட்டுங்கள், வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று சொல்லிவிடுவோம்.

இன்னொன்று பையைச் சேர்ந்ததில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சர்க்கரைக்கு அவர் போடும் மாத்திரையில் எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று இன்றே அட்டையைப் பாருங்கள். திட்டமிட்ட ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னாலேயே இவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம், ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து இருப்பதால். இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், புதன்கிழமை வரை காத்திருக்காமல், டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, ஆஸ்பிரின், மூலிகை மாத்திரை, பூண்டு கேப்ஸ்யூல், வைட்டமின் எதுவாக இருந்தாலும் தாளில் எழுதிவிடுங்கள். 'இதெல்லாம் மருந்தா' என்று அப்பா சிரிப்பார். சிரிக்கட்டும்.

துணி விஷயத்தில் அப்பா சொன்ன இரண்டு சட்டையோடு இன்னும் ஒன்று சேர்த்து மூன்றாக்குங்கள், முடிந்தது. ஆனால் எந்த சட்டை என்பது முக்கியம். முன்னால் பட்டன் வைத்தது, கை தொளதொளவென்று அகலமாக இருப்பது. தலை வழியாக மாட்டும் பனியன் சட்டைகள் வேண்டாம். கையில் ட்ரிப்ஸ் இருக்கும்போது சட்டை மாற்றுவது எப்படி என்று தெரியுமா? முதலில் ட்ரிப்ஸ் பாட்டிலை ஸ்டாண்டிலிருந்து எடுத்துச் சட்டைக் கைக்குள் விட்டு, அது வந்த வழியிலேயே ட்யூபை நகர்த்தி, அப்புறம் அவர் கையை நுழைத்து, பாட்டிலை மறுபடி மாட்ட வேண்டும். கை குறுகலாக இருந்தால் பாட்டில் நடுவில் சிக்கிக்கொள்ளும், ஒரு சட்டை மாற்றக் கால்மணி நேரம். மெஷின் வழியாக ஏறும் ட்ரிப்ஸாக இருந்தால் இதை நீங்கள் தொடவே வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள். இடுப்புக்குக் கீழே எது போட்டாலும் தையல் மேல் அழுத்தாததாக, நாடா தளர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாள் ஆஸ்பத்திரி உடுப்பிலேயே இருப்பார், சிறுநீர்க் குழாய், வயிற்றுக்குள் தேங்கும் நீரை வெளியே எடுக்கும் டிரெயின் குழாய் எல்லாம் இருக்கும், அப்போது உங்கள் துணிக்கு வேலையே இல்லை. உள்ளாடை மட்டும் கூடுதலாக வையுங்கள். எல்லாமே கறை பட்டால் வருத்தப்படாத பழைய துணியாக இருக்கட்டும். வீட்டுக்குத் திரும்பும்போது போடும் துணியைக் கடைசி நாள் கொண்டு வந்தால் போதும்.

செருப்பு. புதுசு வாங்காதீர்கள். குதிகாலுக்குப் பின்னால் பிடிப்பு இருக்கிற, அடியில் ரப்பர் வைத்த, அவர் பழகிய ஜோடி. வெறும் இரண்டு வார் செருப்பு, மருந்து மயக்கமும் தளர்ச்சியுமாக நடக்கும்போது காலை விட்டுப் போய்விடும். கால் கொஞ்சம் வீங்கலாம் என்பதால் லேசாகத் தளர்வாக இருந்தால் நல்லது. குளிருக்கு சாக்ஸ் எடுத்துப் போவார்கள், வழவழத் தரையில் வெறும் சாக்ஸோடு கழிப்பறைக்கு நடப்பதைவிட மோசமான யோசனை இல்லை. அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் என்றால் சரி.

தலையணை ஒன்று கொண்டு வரலாம், சின்னதாக, ஆனால் தலைக்கு இல்லை. வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு இருமுவதுதான் பெரிய கொடுமை. இருமாமல் அடக்கினால் சளி நெஞ்சில் தங்கிவிடும், இருமினால் தையல் பிய்ந்துவிடுமோ என்று உயிர் போகும். அப்போது அந்தத் தலையணையைக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் லேசாக அழுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இரும வேண்டும். வலி பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். அடிக்கடி மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்வோம், அதற்கும் இது உதவும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே வீட்டில் நாலு தடவை பழக்கிவிடுங்கள், அப்பா கேலி செய்தாலும். உறை மட்டும் வெள்ளையாக வேண்டாம், வெள்ளை என்றால் ஆஸ்பத்திரி சலவையோடு போய்விடும்.

பல் தேய்க்கும் பிரஷை ஒரு அழகு சாதனம் மாதிரி நினைக்காதீர்கள். படுத்தே இருப்பவர் வாயில் பெருகும் கிருமி நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரலாம் என்பதால் வாய் சுத்தம் என்பது சிகிச்சையில் ஒரு பகுதி. மென்மையான பிரஷ், பல்செட்டுக்குத் தனி பிரஷ். சாப்பிடாமல் கிடக்கும்போது உதடு வெடிக்கும், அதற்கு ஏதாவது தடவ வேண்டும் என்றால் ஆக்சிஜன் வைத்திருக்கும் நேரத்தில் வாசலின் மாதிரி எண்ணெய்ப் பிசுக்கானது வேண்டாம், தீப்பற்றும் ஆபத்து உண்டு. தண்ணீர் சார்ந்த க்ரீம் இருக்கிறது, அதை எங்களிடமே கேளுங்கள். சோப்பு, சீப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். பவுடர், சென்ட் வேண்டாம், மயக்க மருந்துக்குப் பிறகு குமட்டிக்கொண்டிருப்பவருக்கு வாசனை ஒரு தண்டனை, பக்கத்து படுக்கைக்காரருக்கும் சேர்த்து.

ரேசர் எடுத்து வைத்திருக்கிறீர்களா? தாடிக்கு என்றால் சரி. முதல் நாள் ராத்திரி வயிற்று முடியை வழித்துச் சுத்தமாகப் போகலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதைச் செய்யவே செய்யாதீர்கள். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், அதில் கிருமி குடியேறும். ஆபரேஷன் செய்யும் இடத்தில் முடியைச் சவரம் செய்யக் கூடாது, எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால் வெட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. நாங்களே பார்த்துக்கொள்வோம்.

மோதிரம் போட்டிருந்தால் இந்த வாரமே கழற்றப் பாருங்கள். தியேட்டரில் மின்சாரக் கருவி பயன்படுத்துவதால் உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது என்பது ஒரு காரணம், ட்ரிப்ஸ் ஏறி விரல் வீங்கினால் மோதிரம் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும் என்பது இன்னொன்று. வரவில்லை என்றால் தையல் நூலின் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மிச்ச நூலை மோதிரத்தை ஒட்டி விரல் நுனிப் பக்கமாக, கணுவைத் தாண்டும் வரை, நெருக்கமாகச் சுற்றுங்கள். அப்புறம் உள்ளே நுழைத்த நுனியைப் பிடித்து நூலைப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் திருகித் திருகி வெளியே வரும். விரல் நீலமாகிற அளவுக்கு இறுக்காதீர்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லுங்கள், எங்களிடம் வெட்டும் கருவி இருக்கிறது, ஆனால் அதை ஆபரேஷன் அன்று காலை அவசரத்தில் செய்வதை யாரும் விரும்புவதில்லை. இதைப் படிக்கிற பெண்களுக்கு: நகப் பூச்சையும் துடைத்துவிடுங்கள். விரலில் மாட்டும் கிளிப் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒளியையும் நகம் வழியாகச் செலுத்தித்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிறது, அடர்த்தியான கலர் இருந்தால் அது திணறும்.

ஃபோனுக்கு சார்ஜரைவிட பவர் பேங்க் மேல். படுக்கைக்குப் பக்கத்து ப்ளக் எல்லாம் மெஷின்களுக்கானவை, ட்ரிப்ஸ் மெஷின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபோனை சார்ஜ் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், கோபப்படக்கூட வார்த்தை வரவில்லை. உங்கள் நம்பரையும் இன்னொருவர் நம்பரையும் தாளில் பெரிதாக எழுதிப் பையில் போடுங்கள், ஃபோன் அணைந்துவிட்டால் யாருக்கும் யார் நம்பரும் நினைவில் இருப்பதில்லை. பெரிய எண் தெரிகிற ஒரு சின்னக் கடிகாரம், தேதியும் காட்டினால் நல்லது, படுத்த இடத்திலிருந்து பார்க்கிற மாதிரி வையுங்கள். வார்டில் விளக்கு எந்நேரமும் எரியும், பகலா ராத்திரியா என்று தெரியாமல் போவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ராத்திரிக்குக் கண்ணை மூடும் துணிப்பட்டை. காதடைப்பான் உங்கள் அப்பாவுக்குத் தேவையில்லை, மெஷினைக் கழற்றினால் போதும், அந்த ஒரு விஷயத்தில் அவர் கொடுத்து வைத்தவர். ஆனால் துணைக்குத் தங்கப் போகிற உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். வார்டில் ராத்திரி சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஒரு கிசுகிசுப்பு அளவு. நான் வேலை பார்த்த எந்த வார்டும் அப்படி இருந்ததில்லை.

உங்களுக்கு என்றதும் நினைவு வருகிறது, உங்கள் பட்டியலில் உங்களுக்கு எதுவும் இல்லையே? துணைக்கு ஒருவர் தங்கலாமா, எத்தனை மணி வரை என்று முதலில் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு, உங்களுக்குத் தனியாக ஒரு பை போடுங்கள். அப்பாவின் பையில் உங்கள் சாமானைக் கலக்காதீர்கள், நீங்கள் வீட்டுக்குப் போகும்போது அவருடைய கண்ணாடி உங்கள் சால்வையில் சுற்றிக்கொண்டு போய்விடும். சால்வை, தண்ணீர், கொறிக்க ஏதாவது, உங்கள் மாத்திரைகள், ஒரு நோட்டும் பேனாவும். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது மூன்று நிமிஷம், அந்த மூன்று நிமிஷத்தில் கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகும், முந்தின ராத்திரியே எழுதி வையுங்கள். அவர் சொல்வதையும் எழுதுங்கள், அடுத்து உங்கள் இடத்தில் உட்கார வருபவருக்கு அந்த நோட்டைக் கொடுங்கள்.

நகை, அதிகப் பணம், வென்னீர்ப் பை, மின்சாரச் சூட்டுப் பட்டை எதுவும் வேண்டாம். மருந்தில் மரத்துப்போயிருக்கும் தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

இனி இதையெல்லாம் அடுக்குவது. தோளில் மாட்டும் ஒரு நடுத்தரப் பை, அதற்குள் மூன்று சின்ன ஜிப் பைகள், ஒவ்வொன்றும் வேறு கலரில். முதலாவதில் காகிதங்கள்: அடையாள அட்டை, இன்சூரன்ஸ் இருந்தால் அது, பழைய ரிப்போர்ட்டுகள் புதியது மேலே வருகிற மாதிரி, ஸ்கேன், மருந்துத் தாள். இது அப்பாவோடு போகாது, எப்போதும் உங்கள் கையில். இரண்டாவதில் கண், காது, பல், கூடவே உதட்டு க்ரீமும் கைக்குட்டையும். ஐசியூவில் பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள், ஆனால் கையளவு இருக்கும் இதை வாங்கிக்கொள்வார்கள். பெயர் எழுதியிருக்க வேண்டும். மூன்றாவதில் பிரஷ், சோப்பு வகையறா. துணிகள் பையில் வெறுமனே கிடக்கலாம். அழுக்குத் துணிக்கு ஒரு காலி கவர்.

பையை நீங்கள் கட்டாதீர்கள். அப்பாவைக் கட்டச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள். எது எந்தக் கலர்ப் பையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால்தான் நீங்கள் இல்லாத நேரத்தில் எங்களிடம், "அந்தப் பச்சைப் பைல இருக்கு, எடுத்துக் கொடும்மா" என்று கேட்பார். இல்லாவிட்டால் மகள் வரட்டும் என்று கண்ணாடி இல்லாமலே படுத்துக் கிடப்பார், உங்கள் அப்பா அந்த ரகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்புறம், முதல் தடவை போகிறவர் வேறு. இந்தச் சண்டையில் சூட்கேஸைப் பார்த்தால் அவருக்கு ஒரு பயம் வருகிறது என்பதும் கொஞ்சம் இருக்கும், அத்தனை நாள் திரும்பி வர மாட்டோமோ என்று. இதை அவரிடம் கேட்காதீர்கள், ஒத்துக்கொள்ள மாட்டார். சின்னப் பையைக் காட்டுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி எதுவரை சாப்பிடலாம், தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைப் பையின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பொதுவாக லேசான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி என்பது கணக்கு, ஆனால் குடல் ஆபரேஷனுக்கு வேறு மாதிரி சொல்லியிருக்கலாம், அவர்கள் சொன்னதுதான் செல்லும்.

இப்போது எண்ணிப் பார்த்தால் அப்பாவின் பையில் மொத்தம் இருபது இருபத்தைந்து பொருள் வரும். அவர் கேட்ட அந்தத் துண்டை மறந்துவிடாதீர்கள். கொஞ்சம் அடர்ந்த கலரில், நன்றாக நைந்த பழைய துண்டாகப் பார்த்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.